பெரட்டுப் பலகைக்குத் தண்ணீர்க் குறிப்பு: "தினம் 8 கிளாஸ்" என்று எழுதினால் போதுமா?

கிராணி_ஊத்தான்:
வணக்கம். பேராக், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் பெரட்டுப் பலகையில், அதாவது காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்து அறிவிப்புப் பலகையில், ஒட்டுவதற்கு ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. அதே தாள் கோயில் மண்டபத்துக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் போகும். இப்போதைக்கு இருப்பது ஒரே வரி: "ஒவ்வொருவரும் தினமும் 8 கிளாஸ் தண்ணீர் குடிக்க வேண்டும்." குலை வெட்டுகிறவர், உரம் போடுகிறவர், மருந்தடிக்கிறவர், ஆபீசில் காற்றாடிக்குக் கீழே இருப்பவர், வாரம் மூன்று முறை டயலிசிஸ் போகும் தாத்தா என்று எல்லார் கண்ணிலும் இது படும். ஒரே எண் இத்தனை பேருக்கும் ஒத்து வருமா? கிளாஸ் என்றால் எந்தக் கிளாஸ்? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு எழுதுங்கள்.

மருந்தாளர்:
கிளாஸ் கணக்கை முதலில் முடித்துவிடலாம். குறிப்புகளில் வரும் கிளாஸ் 250 மில்லி. வீட்டு எவர்சில்வர் டம்ளர் சிலது 180 மில்லிதான் பிடிக்கும், கடையில் ஐஸ் போட்டுத் தரும் கிளாஸில் பாதி ஐஸ். அதனால் தாளில் கிளாஸை விட்டுவிட்டு, எல்லார் வீட்டிலும் கிடக்கும் ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் போத்தலை அளவாக வையுங்கள்.

இனி அந்த 8. அமெரிக்க உணவு ஊட்டச்சத்து வாரியம் 1945இல் ஒரு கலோரிக்கு ஒரு மில்லி நீர், அதாவது நாளைக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர் என்று சொன்னது. அடுத்த வாக்கியத்திலேயே, இதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. இந்த இரண்டாம் வாக்கியம் விடுபட்டுப்போய் எண் மட்டும் ஊர் சுற்றியதுதான் 8 கிளாஸ் கதையின் தொடக்கம் என்று பலர் கருதுகிறார்கள். ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக ஆய்வாளர் 2002இல் இதற்கு ஆதாரம் தேடி, உடல்நலத்தோடு சாதாரண வேலை செய்பவருக்கு அப்படி ஒரு கட்டாயம் இருப்பதாக எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினார்.

நம்பி எடுத்துக்கொள்ளக்கூடிய அளவுகள் இவை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் சொன்னது, ஆணுக்கு 2.5 லிட்டர், பெண்ணுக்கு 2 லிட்டர். அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அளவு 3.7 லிட்டரும் 2.7 லிட்டரும். இரண்டும் மொத்த நீர். சோறு, ரசம், கீரை, பழம், தேத்தண்ணி எல்லாம் இதற்குள் அடக்கம். அங்கே ஐந்தில் ஒரு பங்கு சாப்பாட்டிலிருந்து வருவதாகக் கணக்கு. சோறும் குழம்பும் கஞ்சியும் சாப்பிடும் நம் வீட்டில் அது குறைய வாய்ப்பில்லை. நம் மலேசிய சுகாதார அமைச்சின் உணவு வழிகாட்டி வெறும் நீராக 6 முதல் 8 கிளாஸ் என்கிறது. நிழலில் வேலை செய்யும் ஆளுக்கு அது நல்ல அளவுதான். உங்கள் வரியில் சிக்கல் "ஒவ்வொருவரும்" என்ற சொல்லில் இருக்கிறது.

பாதுகாப்பு_அதிகாரி:
மருந்தாளர் சொன்னது நிழலுக்கு. செம்பனைக் காட்டுக்கு வேறு கணக்கு. அங்கே ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்பதைவிட ஒரு மணிக்கு எவ்வளவு என்று கேட்பதுதான் பொருந்தும்.

அமெரிக்காவின் நியோஷ் என்ற வேலையிட நல ஆய்வு அமைப்பு வெயில் வேலைக்குச் சொல்லும் அளவு, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய 240 மில்லி. மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வரும். மேல் வரம்பும் உண்டு: மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்டக் கூடாது. காலை ஏழு மணிக்குக் காட்டில் இறங்கி மதியம் ஒரு மணிக்கு ஏறும் வெட்டுக்காரருக்கு நாலரை முதல் 6 லிட்டர் கையில் இருக்க வேண்டும். நம் நாட்டில் டோஷ் எனப்படும் வேலையிடப் பாதுகாப்புத் துறை 2016இல் வெப்பத் தாக்கத்துக்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டது. தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றையும் சேர்த்துத் திட்டமிடுவது முதலாளியின் பொறுப்பு என்பதைப் பலகையில் தனி வரியாகப் போடுங்கள்.

வானிலைத் துறையின் படிநிலையும் பயன்படும். தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை போனால் முதல் நிலை, 37க்கு மேல் 40 வரை இரண்டாம் நிலை, 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. ஆனால் முதல் நிலை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். செம்பனை மரத்தடியில் காற்று அசையாது, ஈரம் அதிகம். வழியும் வேர்வை உலராமல் சொட்டிவிட்டால் உடம்பு குளிராது. 33 டிகிரியிலேயே ஆள் சாயலாம்.

குலை_மண்டோர்:
அளவு சரிண்ணே. ஆனா 5 லிட்டர்னா 5 கிலோ. கலா கம்பு, அரிவாள், கொக்கி, தள்ளுவண்டியோட அதையும் யாரு தூக்குவா? ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்னோட இறங்குற ஆளுதான் அதிகம். பத்து மணிக்கு அது காலி. அதுக்கப்புறம் குடிக்காமலே ஓட்டிடுறாங்க. மர நிரைக்குள்ள ரொம்ப தூரம் போயிட்டா திரும்பி வந்து குடிக்கிறது நடக்காத காரியம். அளவை மட்டும் பலகையில எழுதிட்டு, தண்ணி எங்க இருக்கும்னு எழுதலன்னா அந்தத் தாளால பிரயோஜனம் இல்ல.

பாதுகாப்பு_அதிகாரி:
மிகச் சரி அண்ணே. நடைமுறையில் செய்ய வேண்டியது இது. ஆள் இடுப்பில் ஒன்றரை லிட்டர் போதும். மீதியைக் குலை அடுக்கும் மேடைக்கு அனுப்ப வேண்டும். வெட்டுக்காரர் எப்படியும் தள்ளுவண்டியோடு அங்கே வந்து போகிறார். குழாய் வைத்த 20 லிட்டர் கலனை, நிரைக்கு ஆள் அனுப்பும் டிராக்டரிலேயே ஏற்றி, அன்றைய வெட்டுக்குரிய மேடையில் நிழலில் இறக்குங்கள். நான்கு பேருக்கு ஒரு கலன். குலை ஏற்ற லோரி வரும்போது காலிக் கலன் திரும்பி வரலாம். ஆளுக்கு ஒரு கோப்பை, பொதுக் கோப்பை வேண்டாம். மூடி இல்லாத வாளியில் முக்கிக் குடிக்கும் பழக்கம் அறவே கூடாது. தோட்டத்தில் எலி அதிகம், எலி மூத்திரக் காய்ச்சல் இப்படியும் வரும்.

தண்ணீர் சற்றுக் குளிர்ச்சியாக இருந்தால் ஆள் தானாகவே கூடுதலாகக் குடிப்பார். ஒரு கலனுக்கு இரண்டு மூன்று ஐஸ் பொட்டலம், சுத்தமான நீரில் உறையவைத்தது, போதும். வெயிலிலிருந்து வந்து குளிர்ந்த நீர் குடித்தால் ஆகாது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். வேலை செய்து சூடேறிய உடம்புக்குக் குளிர்ந்த நீர் நல்லதே செய்யும். ஒரே மூச்சில் ஒரு லிட்டரைக் கவிழ்த்தால்தான் வயிறு பிடிக்கும்.

மருந்தடிக்கும்_அக்கா:
ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. உரம் போடுவதிலும் மருந்தடிப்பதிலும் பெண்கள்தான் அதிகம், அவர்கள் காட்டில் தண்ணீர் குடிக்காததற்கு மறதி காரணமில்லை. ஒதுங்க இடம் இல்லை. ஐந்து மணிக்கு ஒரு தேத்தண்ணியோடு கிளம்பி, வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, குளிர்க்காய்ச்சல் வருவதற்கு இது பெரிய காரணம். கர்ப்பிணி என்றால் இன்னும் ஆபத்து. "நிறையக் குடியுங்கள்" என்று ஒட்டும் பலகைக்கு, நடமாடும் கழிப்பறை எந்த நிரையில் நிற்கும் என்பதையும் எழுதும் கடமை இருக்கிறது. தார்ப்பாய்க் கூடாரமும் கை கழுவ நீரும் இருந்தால்கூடப் போதும்.

இன்னொன்று. மருந்தடிக்கிறவர்கள் குடிநீரை மருந்து கலக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. குடிப்பதற்கு முன் கையுறையைக் கழற்றி, சோப்பு போட்டுக் கையையும் வாயையும் கழுவ வேண்டும். அந்தக் கழுவும் நீர் வேறு கலனில், வேறு நிறத்தில் இருக்கட்டும்.

டிரஸ்ஸர்:
தங்கச்சி சொன்னதுக்கு முழு ஆதரவு. கிராணி ஐயா, அந்த வரியை முதல் வரியாகவே போடுங்கள்.

என் பங்குக்கு, அவரவர் அளவைக் கண்டுபிடிக்கும் வழி. நிறுவைக்கருவி ஒன்று போதும். வேலைக்குப் போகும் முன் மூத்திரம் பெய்துவிட்டு, மெல்லிய துணியோடு எடை பாருங்கள். வேலை முடிந்து வேர்வையைத் துடைத்து, அதே துணி அளவோடு மறுபடி பாருங்கள். குறைந்த ஒரு கிலோ, ஒரு லிட்டர் வேர்வை. இடையில் குடித்ததைக் கூட்டி, போன மூத்திரத்தைக் கழியுங்கள். ஓர் உதாரணம்: இறங்கும்போது 64.0 கிலோ, ஏறும்போது 62.8. இடையில் குடித்தது 2 லிட்டர், மூத்திரம் போகவில்லை. வேர்வை 1.2 + 2.0 = 3.2 லிட்டர். நான்கு மணி நேர வேலையென்றால் மணிக்கு 800 மில்லி. இந்த ஆள் அடுத்த நாள் மணிக்கு 600லிருந்து 700 மில்லி குடித்தால் நல்லது. எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் குறையவிடக் கூடாது. 64 கிலோ ஆளுக்கு அது 1.3 கிலோவுக்குச் சற்றுக் கீழே. இவர் விளிம்பில் நிற்கிறார்.

திரும்பி வந்தபின் குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை லிட்டர், சாப்பாட்டோடு, மாலைவரை பரப்பிக் குடிக்க வேண்டும். எடை குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், குறையுங்கள்.

எடை பார்க்க வழியில்லையா? மூத்திரத்தைப் பாருங்கள். இளம் வைக்கோல் நிறம் சரி. தேத்தண்ணி நிறம் பற்றாக்குறை. கழிப்பறைத் தண்ணீரில் கலந்தபின் பார்த்தால் வெளுத்துத் தெரியும், விழும்போதே பார்க்க வேண்டும். மண்ணில் போகிறவருக்கு நிறம் தெரியாது. அவர் நேரத்தைப் பார்க்கட்டும்: விடியலில் போனவர் பதினொரு மணிவரை ஒருமுறைகூடப் போகவில்லையென்றால் தண்ணீர் பின்தங்கிவிட்டது. வைட்டமின் பி மாத்திரை பளிச்சென்ற மஞ்சளாக்கும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் செம்மஞ்சளாக்கும், அவற்றுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கடும் வேலைக்குப் பிறகு கோக்கோ கோலா நிறத்தில் வந்தால், கூடவே தசை வலி இருந்தால், தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று வீட்டில் இருக்காதீர்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. அன்றே ஆஸ்பத்திரி.

காலை_நடை:
எல்லாம் நல்ல தகவல். ஆனால் மேல் வரம்பு ஏன்? தண்ணீர் மருந்தா, மிஞ்சினால் கெடுக்க? எழுந்தவுடன் வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் குடித்தால் உடல் சுத்தமாகும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) பல வருடமாக வருகிறது. பலர் கடைப்பிடிக்கிறார்கள். மிச்சம் மூத்திரமாகப் போய்விடும்தானே?

மருந்தாளர்:
ஐயா, நல்ல சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றக்கூடியது அதிகபட்சம் 800 மில்லியிலிருந்து ஒரு லிட்டர்வரைதான். அதற்கு மேல் தொடர்ந்து ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனால் குறைவு. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், முற்றினால் வலிப்பு. இளவயதுக்காரர் ஒரு காலையில் ஒன்றரை லிட்டர் குடித்தால் இரண்டு மூன்று தடவை கழிப்பறைக்குப் போவார், அவ்வளவுதான். ஆனால் இந்தச் செய்தியை அதிகம் பின்பற்றுவது அறுபது தாண்டியவர்கள். அவர்களில் பலர் இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் சாப்பிடுகிறார்கள். அது சோடியத்தை ஏற்கெனவே இறக்கும் மாத்திரை. மேலே ஒன்றரை லிட்டர் வெறும் நீர் என்றால், பாட்டி திடீரெனக் குழம்பிப் பேசுகிறார், வயசாகிவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். காரணம் அந்தப் போத்தலாக இருக்கலாம். உடலைச் சுத்தம் செய்ய சிறுநீரகம் இரவும் பகலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, அதற்குக் காலையில் வெள்ளம் வேண்டாம்.

வேர்த்தவருக்கு அறிகுறி ஏமாற்றும். தண்ணீர் போதாமல் வரும் தலைவலியும் குமட்டலும், தண்ணீர் மிஞ்சி வரும் தலைவலியும் குமட்டலும் ஒன்றுபோல் இருக்கும். மூத்திரம் நிறமே இல்லாமல் அடிக்கடி போய், மோதிரம் இறுகி, வயிறு குலுங்கி, தலை வலித்தால் மேலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது.

குலை_மண்டோர்:
அப்ப உப்பு? வேர்வையில உப்புப் போகுது, சட்டையில வெள்ளையாப் பூக்குது. உப்பு மாத்திரை கேக்குறாங்க.

டிரஸ்ஸர்:
உப்பு மாத்திரை வேண்டாம் தம்பி. வயிற்றைப் புரட்டும், இரத்த அழுத்தக்காரருக்குக் கெடுதல். ஒரு லிட்டர் வேர்வையில் ஆளுக்கு ஆள் மாறி அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம்வரை சோடியம் போகும். வெயிலுக்குப் பழகியவருக்குக் குறைவு. மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குச் சாப்பாடே அதை ஈடுகட்டிவிடும். நம் ஆட்களிடம் கோளாறு காலைச் சாப்பாட்டில் இருக்கிறது. வெறும் தே ஓவோடு (பாலில்லாத தேத்தண்ணி) இறங்கி, வேலை முழுக்க வெறும் தண்ணீராகக் குடித்தால்தான் கெண்டைக்காலும் வயிறும் பிடித்து இழுக்கும்.

நம் வீட்டு முறையே இதற்குச் சரியான மருந்து. உப்புப் போட்ட நீராகாரம், ஊறுகாயோடு கஞ்சி, மோர். மேடைக்கு அனுப்பும் மோருக்கு அளவு: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், ஒரு கிளாஸ் தயிர், தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. ஐஸ் பெட்டியில் வைத்து பத்து மணிக்குள் குடித்து முடிக்க வேண்டும். நம்மூர் வெப்பத்தில் மதியத்துக்கு நுரைத்துவிடும். பழைய சோற்றுக்கும் அதே எச்சரிக்கை, மூடி வைத்து அன்று காலையே சாப்பிட வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தவருக்கு மட்டும் ஓஆர்எஸ் என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். உறையில் எழுதிய அளவுத் தண்ணீர்தான், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது. 250 மில்லிக்கான பொட்டலமும் ஒரு லிட்டருக்கானதும் இருக்கின்றன, மாற்றிக் கலப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கலக்கியது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

சிறுநீரகத்_தாதி:
டயலிசிஸ் போகிறவர்களுக்கான வரியை நான் எழுதுகிறேன். அவர்களைப் பொறுத்தவரை "8 கிளாஸ்" ஆபத்தான அறிவுரை. இரண்டு லிட்டர் உள்ளே போனால் அதில் பெரும்பகுதி உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், இதயத்துக்குப் பாரம்.

பொதுவான கணக்கு: முந்தைய நாள் 24 மணி நேரத்தில் போன மூத்திரம், அதோடு 500 மில்லி. மூத்திரம் 300 மில்லி போகிறவருக்கு நாளைக்கு 800 மில்லி. இது எல்லாத் திரவத்துக்கும் சேர்த்து. தேத்தண்ணி, ரசம், சூப், கஞ்சித் தண்ணீர், ஐஸ் கட்டி, ஐஸ்கிரீம் எல்லாம் இதில் அடங்கும். அவரவர் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் அளவு.

வீட்டில் செய்யும் முறை: காலையில் ஒரு போத்தலில் 800 மில்லி அளந்து ஊற்றி மேசையில் வையுங்கள். தண்ணீர் வேண்டுமானால் அதிலிருந்து குடிக்கட்டும். 150 மில்லி தேத்தண்ணி குடித்தால் போத்தலிலிருந்து 150 மில்லியைக் கீழே கொட்டுங்கள். போத்தல் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. மாத்திரைகளைச் சாப்பாட்டோடு விழுங்கினால் ஒரு கிளாஸ் மிச்சம். வாய் வறண்டால் கொப்பளித்துத் துப்பலாம், எலுமிச்சைத் துண்டைச் சப்பலாம். எல்லாவற்றுக்கும் மேலே உப்பு: கருவாடும் சோயா சாஸும் மெகியும் சாப்பிட்டுவிட்டுத் தாகத்தை அடக்கு என்று ஒருவரிடம் சொல்வது கொடுமை. உப்பைக் குறைத்தால் தாகம் தானாகவே இறங்கும்.

நம் பகுதியில் தென்னை அதிகம் என்பதால் இதையும் சேருங்கள்: சிறுநீரகம் கெட்டவருக்கு இளநீர் கூடாது. 100 மில்லியில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும், அது ஏறினால் இதயத் துடிப்பு நின்றுபோகலாம். பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) பழமும் ஜூஸும் ஒரு வாய்கூடக் கூடாது, அதிலுள்ள நஞ்சு மூளையைத் தாக்கும், விக்கலில் தொடங்கும். இதயம் பலவீனமானவர்களும் ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டியவர்களும் தங்கள் அளவைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேர்மாறான கூட்டமும் உண்டு. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு நாளைக்கு இரண்டரை லிட்டர் மூத்திரம் போகும் அளவு தேவை. வெயிலில் வேர்க்கும் ஆளென்றால் குடிப்பது நாலு லிட்டரைத் தொடும். இத்தாலியில் நடந்து 1996இல் வெளிவந்த ஆய்வில், நிறைய நீர் குடித்தவர்களில் ஐந்து ஆண்டில் 12 விழுக்காட்டினருக்கு மறுபடி கல் வந்தது, வழக்கம்போல் குடித்தவர்களில் 27 விழுக்காடு.

மருந்தாளர்:
தேத்தண்ணி கணக்கில் சேருமா என்று கட்டாயம் கேட்பார்கள். சேரும். தேயிலை குடித்ததைவிட அதிகமாக வெளியேற்றிவிடும் என்பது சரியல்ல, பழக்கமாகக் குடிப்பவருக்கு அந்த விளைவு மிகக் குறைவு. ஆற்றிக் கலக்கும் பால் தேத்தண்ணியான தே தாரிக்கில் கவலை டின் பால், அதில் ஏறக்குறைய பாதி சீனி. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் தாராளமாகக் குடிக்கலாம். கள், சம்சு, பீர் சேராது. மது, நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோனை அடக்கும். முந்தின இரவு குடித்தவர் காலையிலேயே பற்றாக்குறையோடு இறங்குகிறார், முதலில் சாயும் ஆள் அவராக இருக்கும்.

பாலர்பள்ளி_டீச்சர்:
குழந்தைகளுக்கும் இரண்டு வரி வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், வெயில் காலத்திலும் வேண்டாம், தாய்ப்பால் போதும். மாவுப்பாலை டின்னில் எழுதியதைவிட நீர்த்துக் கலக்கக் கூடாது. பாலூட்டும் தாய்க்குத்தான் நாளைக்கு 600, 700 மில்லி கூடுதல் தேவை.

வீட்டுத் தாத்தா பாட்டிகளுக்குத் தாகம் மங்கிவிடும், கேட்டால் வேண்டாம் என்பார்கள். கேட்காமல் சாப்பாட்டோடும் மாத்திரையோடும் அரைக் கிளாஸாகக் கொடுங்கள். பெரும்பகுதி மாலை ஆறுக்குள் முடியட்டும். இரவில் எழுந்து போகும்போது வழுக்கி விழுவது நிறைய நடக்கிறது.

பாதுகாப்பு_அதிகாரி:
புதிதாக வேலைக்கு வருகிறவரைப் பற்றி ஒரு சொல். உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு அதே அளவு கூட்டுங்கள். எவ்வளவு தண்ணீர் கொடுத்தாலும் இந்தப் பழக்கத்துக்கு ஈடாகாது.

ஆள் சாய்ந்தால்: தெளிவாகப் பேசுகிறார், வேர்க்கிறது, தலை சுற்றுகிறது என்றால் நிழலில் படுக்கவைத்து, காலைத் தூக்கிவைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். குழம்பிப் பேசுகிறார், பெயர் சொல்லத் தெரியவில்லை, மயங்குகிறார் என்றால் அது வெப்பவாதம். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். 999ஐ அழைத்துவிட்டு, மேடையில் இருக்கும் கலனைத் தலை முதல் கால்வரை ஊற்றி, சட்டையைக் கழற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிவரை போக நேரமாகும், அதற்குள் உடம்பைக் குளிரவைப்பதுதான் உயிரைக் காக்கும். அந்தக் கலனை ஒருபோதும் முழுக்கக் காலியாகவிடாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிராணி_ஊத்தான்:
அனைவருக்கும் நன்றி. ஒரே தாள் என்ற எண்ணத்தை விட்டாயிற்று. காட்டு வேலைக்கு ஒன்று, வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒன்று, சிறுநீரக நோயாளிகளுக்குத் தனியாக ஒன்று. முதல் தாளின் முதல் வரி: "கழிப்பறை நிற்கும் நிரை: ___. தண்ணீர்க் கலன் இருக்கும் மேடை: ___." மண்டோர் தினமும் பெரட்டில் சோக்கட்டியால் நிரப்புவார். 20 லிட்டர் கலன் வாங்கும்வரை, ஸ்டோரில் கழுவி வைத்திருக்கும் வெள்ளை டிரம்களைப் பயன்படுத்தலாமா?

மருந்தடிக்கும்_அக்கா:
வேண்டாம் ஐயா. அவை களைக்கொல்லி வந்த டிரம்கள். பாராகுவாட் 2020 ஜனவரியிலிருந்து தடைசெய்யப்பட்டாலும் பழைய கலன்கள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. கிளைஃபோசேட் கலனாக இருந்தாலும் அதே பதில்தான். மூன்று முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. மூன்று முறை கழுவுவது, அடியில் ஓட்டை போட்டு அப்புறப்படுத்துவதற்காக. ஓட்டை போடாமல் ஸ்டோரில் வைத்திருந்தால் யாராவது ஒருநாள் தண்ணீர் பிடிப்பார்கள். கலன் வாங்கும்வரை ஒன்றரை லிட்டர் போத்தல்களையே சாக்கில் கட்டி டிராக்டரில் அனுப்புங்கள். அந்த டிரம்களை நாளைக்கே ஓட்டை போடச் சொல்லுங்கள்.

குலை_மண்டோர்:
நாளைக்கு பெரட்டு முடிஞ்சதும் முதல் வேலை அதுதான் அக்கா. ஆணியும் சுத்தியலும் ஸ்டோர்லயே இருக்கு.